மலை மழையில் சின்ன வண்டி ரேஸ்: கம்பம், போடியிலிருந்து மேலே ஏறுபவர்களுக்கு முழு வழிகாட்டி

ஜூன் கடைசியில் கம்பத்தில் வெயில் காயும், காற்று மட்டும் ஆளைத் தள்ளும். லோயர் கேம்ப் தாண்டி மலையேறிக் குமுளி செக்போஸ்ட்டைக் கடந்தால் சாலை நனைந்து கிடக்கும். வண்டிப்பெரியாரை நெருங்கும்போது வைப்பரை நிறுத்த முடியாது. போடிமெட்டு வழியாகப் பூப்பாறை, மூணாறு பக்கம் போகிறவர்களுக்கும் இதே நிலைமைதான். கீழே 35 டிகிரியில் டியூன் செய்து, மினி லாரியில் கட்டி ஏற்றிவந்த வண்டி, மேலே 18 டிகிரியில், கணுக்கால் சேற்றில், முதல் ஹீட்டிலேயே (முதல் சுற்றுப் பந்தயத்திலேயே) இருமி நின்றுவிடும். உடனே எல்லோரும் ஜெட்டை, அதாவது கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் சின்னத் துளையை, குறை சொல்வார்கள். ஜெட் பாவம், அதன் மேல் தப்பே இருக்காது.

மழை நாளில் வண்டி நிற்பதற்கு வழக்கமான காரணங்கள் நாலைந்துதான்: பிளக் கேப்புக்குள் இறங்கிய தண்ணீர், சேறு அடைத்த ஒரு மெல்லிய ரப்பர் குழாய், நனைந்து ஊதிய ஏர் ஃபில்டர், விறைத்துப்போன விரல், பனி மூடிய வைசர். இவை எல்லாவற்றையும் சரிசெய்ய ஆகும் செலவு ஒரு நல்ல டயரின் விலையைத் தாண்டாது. ஆனால் பணம் சைலன்சருக்கும், சிலிண்டரைப் பெரிதாக்கும் போர் கிட்டுக்கும் போய்விடுகிறது. காய்ந்த மைதானத்தில் அந்தக் குதிரைசக்தி உதவும். சேற்றில் அது பின் டயரைச் சுற்றவிடத்தான் பயன்படும். 100 சிசி முதல் 200 சிசி வரை உள்ள வண்டிக்கு மழைநாள் ஒரு வரம். இலேசான வண்டி, குறைவான டார்க், கீழே விழுந்தாலும் ஒரே ஆள் தூக்கி நிறுத்திவிடலாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இங்கே எழுதியிருப்பது எல்லாம் அனுமதி வாங்கி, கயிறு கட்டி, ஆம்புலன்ஸ் நிறுத்தி நடத்தும் மைதான ரேஸுக்கும், டிராக்குக்கும்தான். மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் பந்தயம் விடுவது மோட்டார் வாகனச் சட்டம் 189-ஆம் பிரிவின்படி குற்றம், சிறைத்தண்டனை உண்டு. அதைவிட முக்கியம், எதிரே ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிவரும் ஜீப் உங்களுக்காக ஓரம் கட்டாது.

ஜெட்: கை வைக்கும் முன் ஒரு கணக்கு

கம்பம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர். குமுளி சுமார் 900. இந்த 500 மீட்டர் ஏற்றத்தில் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 6 சதவீதம் குறைகிறது. அதனால் மேலே வண்டி ரிச்சாக (காற்றுக்கு மிஞ்சிய பெட்ரோலோடு) ஓடும், ஜெட்டைச் சின்னதாக்க வேண்டும் என்று நினைப்பது நியாயம்தான். ஆனால் வெப்பநிலை 35-இலிருந்து 18 டிகிரிக்கு இறங்குவதால் அதே காற்று கிட்டத்தட்ட 6 சதவீதம் அடர்த்தியாகிவிடுகிறது. இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். குமுளி, பீர்மேடு உயரத்துக்கு, கம்பத்தில் போட்டிருந்த ஜெட்டே போதும்.

மூணாறு சுமார் 1500 மீட்டர். அங்கே உயரம் 12 சதவீதத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும், குளிர் 7 சதவீதம் போல்தான் திருப்பித் தரும். மெயின் ஜெட்டில் ஒரு படி குறைத்தால் சரியாக இருக்கும், உதாரணத்துக்கு 95 இருந்தால் 92.5. அதற்கு மேல் குறைத்தால் லீனாகி (பெட்ரோல் போதாமல்), டூ-ஸ்ட்ரோக் வண்டியில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கார்புரேட்டர் இல்லாத எஃப்ஐ (ஃபியூயல் இன்ஜெக்‌ஷன்) வண்டிகளில் இந்த வேலையைச் சென்சார்கள் பார்த்துக்கொள்ளும், நீங்கள் தொட ஒன்றுமில்லை.

குளிரில் பிளக் கருப்படித்தால், ஒரு படி சூடான பிளக் போடலாம். இங்கேதான் பலர் தலைகீழாக வாங்கிவிடுகிறார்கள். என்ஜிகே பிளக்கில் எண் குறையக் குறையச் சூடு அதிகம். பாஷ் பிளக்கில் எண் கூடக் கூடச் சூடு அதிகம். கடைக்காரரிடம் "ஒரு நம்பர் கூட்டிக் கொடுங்கண்ணே" என்று கேட்டால் எந்தப் பக்கம் கூட்டுகிறார் என்று பார்த்து வாங்குங்கள். ஊருக்கு இறங்கியதும் பழைய பிளக்கை மறுபடி போட்டுவிடுங்கள். பிளக் இடைவெளியைக் கம்பெனி சொன்ன அளவின் குறைந்த எல்லையில் வையுங்கள், ஈரத்தில் பொறி எளிதாகத் தாவும்.

கரண்ட் நனையாமல்

வண்டி காய்ந்திருக்கும்போதே, வீட்டில், முந்தின நாள் செய்ய வேண்டிய வேலை இது. மழையில் நின்றுகொண்டு பூசும் கிரீஸ், தண்ணீரையும் உள்ளே வைத்துப் பூட்டிவிடும்.

பிளக் கேப்பைக் கழற்றி, உள்ளே காற்றடித்து, சிலிகான் டைஎலக்ட்ரிக் கிரீஸை ரப்பர் உதட்டின் உள்பக்கம் சுற்றிலும் மெல்லியதாகத் தடவுங்கள். பேரிங் கிரீஸ் வேண்டாம், அது ரப்பரை ஊதவைத்துவிடும். கேப்பின் மேல்பக்கம், பிளக்குக்குக் கரண்ட் கொண்டுவரும் எச்டி (ஹை டென்ஷன்) வயர் நுழையும் இடத்தில் ஒரு கேபிள் டை இறுக்குங்கள். ஓட்டை கேப்பைப் பேசாமல் மாற்றிவிடலாம், விலை ஒரு பிரியாணிகூட ஆகாது. பிளக் குழியான இடத்தில் இருக்கும் எஞ்சின்களில், குழியிலிருந்து தண்ணீர் வெளியேற ஹெட்டில் ஒரு சின்னத் துளை விட்டிருப்பார்கள். அது சேறு அடைத்து மூடியிருக்கும். மெல்லிய கம்பி விட்டுத் திறந்துவிடுங்கள். இல்லாவிட்டால் பிளக் ஒரு குட்டிக் குளத்துக்குள் நின்றுகொண்டு பொறி விடப் பார்க்கும்.

அடுத்து கனெக்டர்கள். சிடிஐ அல்லது ஈசியு (பொறியைக் கட்டுப்படுத்தும் பெட்டி), மேக்னட் காயில், இக்னிஷன் காயில் மூன்றின் கனெக்டர்களையும் பிரித்து, டைஎலக்ட்ரிக் கிரீஸ் வைத்து, மறுபடி மாட்டி, மேலே பழைய சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றிக் கட்டுங்கள். இன்சுலேஷன் டேப்பை மட்டும் நம்பாதீர்கள், குளிரில் பசை விட்டுப்போகும். இக்னிஷன் ஸ்விட்ச்சின் வாய்க்கு ஒரு துண்டு டேப். சிடிஐ-க்குப் பதில் கான்டாக்ட் பாயிண்ட் வைத்த பழைய வண்டி என்றால், மேக்னட் கவரின் கேஸ்கெட் மேல் சிலிகான் சீலன்ட் மெல்லிய கோடாக விட்டு மூடுங்கள்.

இரண்டு ஸ்விட்ச்கள் அடிக்கடி ஏமாற்றும். பழைய மேக்னட் வண்டிகளில் கில் ஸ்விட்ச் எர்த் ஆனால் எஞ்சின் நிற்கும். உள்ளே தண்ணீர் போனாலே எர்த் ஆகிவிடும். ரேஸில் கில் ஸ்விட்ச் கட்டாயம் என்பதால் அதைத் துண்டிக்கக் கூடாது, பிரித்துத் துடைத்து கிரீஸ் வைத்து மூடத்தான் வேண்டும். புதிய வண்டிகளில் சைட் ஸ்டாண்டு சென்சாரில் சேறு அடைந்தால், ஸ்டாண்டு போட்டிருப்பதாக நினைத்து ஈசியு எஞ்சினை அணைத்துவிடும். ரேஸுக்கு எப்படியும் ஸ்டாண்டைக் கழற்றுவீர்கள். கழற்றும்போது சென்சாரை அந்த மாடலுக்கு உரிய முறையில் முடித்துவைத்து, கியர் போட்டு வண்டி அணைகிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள்.

மூச்சுக் குழாய்கள்

இதுதான் அதிகம் பேர் கவனிக்காத இடம். அறிகுறி இப்படி இருக்கும்: வண்டி நன்றாக ஓடும், ஒரு குட்டையைத் தாண்டிய பிறகு த்ராட்டில் திருகினால் இழுக்காது, ஐடிலில் மட்டும் ஓடும், நிறுத்திப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும், மறுபடி கிளப்பினால் அரை லேப் ஓடி மறுபடி அதே மக்கர்.

கார்புரேட்டரின் பக்கவாட்டிலிருந்து ஒன்றிரண்டு மெல்லிய குழாய்கள் கீழ்நோக்கித் தொங்கும். அவற்றின் வழியாகத்தான் பெட்ரோல் தேங்கும் கீழ்க் கப்புக்குள் காற்று போகிறது. குழாய் முனை தண்ணீரில் முங்கினாலோ சேறு அடைத்தாலோ கப்புக்குள் காற்று நுழையாது, பெட்ரோல் ஜெட்டுக்கு ஏறாது. சரிசெய்யும் முறை: குழாயைக் கார்புரேட்டரிலிருந்து 5 செ.மீ. தள்ளி வெட்டி, மீன் தொட்டிக் கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் டி-ஜாயிண்டைச் சொருகுங்கள். ஒரு கிளை பழையபடி கீழே போகட்டும். மற்றொன்றை மேலே கொண்டுபோய் டேங்குக்கு அடியில், ஃபிரேமை ஒட்டி, மடியாமல் கட்டுங்கள். கீழ்க் கிளை அடைத்தாலும் மேல் கிளை மூச்சுவிடும். கப் நிரம்பி வழிவதற்கென்றே இருக்கும் ஓவர்ஃப்ளோ குழாயை இதோடு சேர்த்துவிட வேண்டாம், அது கீழேயே இருக்கட்டும்.

இதே நோய் டேங்க் மூடிக்கும் வரும். மூடியின் காற்றுத் துளையில் சேறு விழுந்தால், பெட்ரோல் குறையக் குறைய டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, பத்து நிமிடத்தில் வண்டி பட்டினியாகும். மூடியைத் திறந்தால் "புஸ்" என்று சத்தம் வருகிறதா? அதுதான் காரணம். எஞ்சின் கிராங்க் கேஸ் பிரீதர் குழாயையும் மேலே கொண்டுபோய், மழை இறங்காதபடி முனையை மட்டும் கீழ்நோக்கி வளைத்துக் கட்டுங்கள்.

ஏர் பாக்ஸ் மூடியைக் கழற்றி ஓட்டும் பழக்கம் இருந்தால் மழைக்கு அது ஆகாது. பேப்பர் ஃபில்டர் நனைந்தால் ஊதி, காற்றை அடைத்துவிடும். ஃபோம் ஃபில்டர் கிடைத்தால் அதைப் போட்டு, ஃபில்டர் எண்ணெயில் நனைத்துப் பிழிந்து, ஓரம் உட்காரும் இடத்தில் ஒரு கோடு கிரீஸ் வைத்து மாட்டுங்கள். பேப்பர்தான் இருக்கிறதென்றால் வாய்ப்பகுதிக்கு வெளியே பழைய நைலான் ஸ்டாக்கிங்கை இழுத்துக் கட்டி, மாற்று ஃபில்டர் ஒன்றைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி எடுத்துப்போங்கள். பாக்ஸின் அடியில் இருக்கும் வடிகால் ரப்பரைப் பிதுக்கி, தண்ணீர் வடிகிறதா என்று ஒவ்வொரு ஹீட் முடிந்ததும் பாருங்கள்.

பெட்ரோலும் இந்தக் கணக்கில்தான் வரும். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்தது. எத்தனால் ஈரத்தைக் குடிக்கும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். அரை கேன் பெட்ரோலைத் திறந்த மூடியோடு இரவு முழுக்க மலைக் குளிரில் வைத்தால் காலையில் வண்டி இருமுவதில் ஆச்சரியம் இல்லை. கேனை நிரப்பி இறுக மூடி வையுங்கள். ஒவ்வொரு ஹீட்டுக்கு முன்பும் கார்புரேட்டர் கப்பின் அடி ஸ்குரூவைத் தளர்த்தி, இரண்டு ஸ்பூன் அளவை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். அடியில் குமிழ் குமிழாக ஓடினால் தண்ணீர். தெளியும் வரை வடியுங்கள், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது.

மண்ணின் பதமும் டயரும்

மலைச் செம்மண்ணுக்கு மழையில் மூன்று பதம் உண்டு. தூறல் தொடங்கிய முதல் பத்துப் பதினைந்து நிமிடம் மேல்தோல் மட்டும் நனைந்து, அடியில் கெட்டியாக இருக்கும். சோப்புத் தேய்த்த தரை மாதிரி வழுக்கும், மூன்றிலும் மோசமானது இதுதான். மழை நன்றாக அடித்த பிறகு கூழ் பதம். சேறு நீர்த்து டயரின் கட்டைகளிலிருந்து தெறித்துப் போய்விடும், பார்க்கப் பயமாக இருந்தாலும் ஓட்டச் சுலபம். மழை நின்று ஒரு மணி நேரம் கழித்துக் களி பதம் வரும். அப்போது மண் டயரில் அப்பிக்கொண்டு, மட்கார்டுக்கு அடியில் இறுகி, சக்கரத்தையே நிறுத்திவிடும். உங்கள் ஹீட் எந்தப் பதத்தில் வரும் என்று பார்த்துத்தான் காற்று அளவும் கியரும் முடிவாக வேண்டும். டிராக்கில் பத்தடி நடந்து செருப்பைத் தூக்கிப் பாருங்கள், பதம் தெரிந்துவிடும்.

டயர் அகலமாக இருக்க வேண்டியதில்லை. ஒல்லி டயர் கூழை வெட்டிக்கொண்டு அடியில் இருக்கும் கெட்டி மண்ணைத் தொடும். கட்டைகளுக்கு இடையே விரல் நுழையும் இடைவெளி வேண்டும். முன்னால் 21, பின்னால் 18 இன்ச் சக்கரம் உள்ள எக்ஸ்பல்ஸ் மாதிரி வண்டிக்கு மட் டயர் எளிதாகக் கிடைக்கும். 17 அல்லது 18 இன்ச் கம்யூட்டர் வண்டிக்கு ஸ்விங் ஆர்மில் உரசாத அளவு பார்த்து வாங்க வேண்டும். டயருக்கும் ஸ்விங் ஆர்முக்கும் நடுவே எல்லாப் பக்கமும் குறைந்தது 15 மி.மீ. இடம் இருக்கட்டும்.

டியூபோடு, டயரை ரிம்மில் நழுவாமல் பிடிக்கும் ரிம் லாக் போட்டிருந்தால் கூழுக்கும் களிக்கும் 12 பிஎஸ்ஐ, கல் கிடக்கும் மைதானம் என்றால் 14. ரிம் லாக் இல்லாமல் பின்னால் 16-க்குக் கீழே இறக்காதீர்கள். டயர் ரிம்மில் நழுவி வால்வைப் பிடுங்கிவிடும். வால்வின் நட்டை ரிம்மோடு இறுக்காமல் மேலே மூடியோடு சேர்த்து இறுக்கிவையுங்கள். டயர் நழுவினால் வால்வு சாய்ந்து காட்டிக்கொடுக்கும், நட்டு ரிம்மில் இறுகியிருந்தால் சாயாமல் அறுந்துபோகும். பங்க் மீட்டர் இந்தச் சின்ன அளவுகளில் நம்பகமில்லை. 0 முதல் 30 வரை காட்டும் சொந்த மீட்டர் ஒன்று வாங்கி, மேலே போய் டயர் குளிர்ந்த பிறகு அளந்து பாருங்கள்.

மண் ஒட்டாமல் இருக்க முன் மட்கார்டைத் தூக்கிக் கட்டுங்கள், அல்லது உயர மட்கார்டு போடுங்கள். அதன் அடியிலும், ஸ்விங் ஆர்ம் உள்பக்கத்திலும் சிலிகான் ஸ்ப்ரே அடிக்கலாம். இல்லாவிட்டால் சமையல் எண்ணெய் தடவினாலும் முதல் இரண்டு லேப்புக்குச் சேறு வழுக்கிப் போகும். பிரேக் டிஸ்க் பக்கம் ஒரு சொட்டுக்கூடப் படக் கூடாது. எஞ்சின் கார்டுக்கும் எஞ்சினுக்கும் நடுவே உள்ள பொந்துகளில் பழைய மெத்தை ஸ்பாஞ்ச் துண்டுகளைத் திணியுங்கள். ஏர்-கூல்டு எஞ்சினின் துடுப்புகளை மட்டும் மூடிவிடாதீர்கள், சைலன்சர் பக்கமும் ஸ்பாஞ்ச் வேண்டாம்.

செயின், ஸ்ப்ராக்கெட், பிரேக்

சாலைக்குச் செயின் தொய்வு 25 முதல் 35 மி.மீ. வைப்போம். சேற்றுக்கு 40 முதல் 45 வையுங்கள். காரணம் எளிது. ஸ்ப்ராக்கெட் பற்களின் அடியில் மண் இறுகும்போது அதன் சுற்றளவு கூடுகிறது, செயின் தானாக டைட்டாகும். சாதாரணத் தொய்வில் வைத்த செயின் களி பதத்தில் வீணைக் கம்பி மாதிரி விறைத்து, கியர்பாக்ஸ் பேரிங்கை இழுத்து, கடைசியில் அறுந்து எஞ்சின் கேஸை உடைக்கும். அளப்பது வண்டி மேல் ஆள் உட்காராதபோது, இரண்டு ஸ்ப்ராக்கெட்டுக்கும் நடுவில், செயினை மேலும் கீழும் ஆட்டிப் பார்த்து.

களி பதத்துக்கு இழுவை கூடுதலாக வேண்டும். 14-க்கு 42 பல் என்றால் விகிதம் 3.00. முன்னால் ஒரு பல் குறைத்து 13 போட்டால் 3.23. பின்னால் மூன்று பல் கூட்டி 45 போட்டால் 3.21. ஏறக்குறைய ஒரே பலன்தான், முன் ஸ்ப்ராக்கெட் மாற்றுவது மலிவு, வேகமும்கூட. கூழ் பதத்துக்கு எதையும் மாற்ற வேண்டாம்.

பிரேக் பேட் சின்டர்டு (உலோகத் தூளை அழுத்திச் செய்த) வகையாக இருந்தால் ஈரத்திலும் மண்ணிலும் சாதாரண ஆர்கானிக் பேடைவிட நன்றாகப் பிடிக்கும், தேய்மானமும் குறைவு. ஆர்கானிக் பேட் செம்மண்ணில் ஒரே நாளில் இரும்பு தெரியும் அளவு தேய்ந்த வண்டிகள் உண்டு, அதனால் ஒரு செட் கையில் இருக்கட்டும். பின்னால் டிரம் பிரேக் என்றால் தண்ணீர் உள்ளே போனதும் பிடிக்காது. குட்டை தாண்டியதும் நாலைந்து வண்டி நீளத்துக்கு மிதியை லேசாக உரசிக்கொண்டே போய்க் காயவையுங்கள்.

த்ராட்டில் பைப்பில் மண் போனால் திருகியது திரும்பி வராது. இதில் விளையாட வேண்டாம். பைப்பைக் கழற்றித் துடைத்து, காய்ந்த நிலையில் மாட்டி, கேபிள் நுழையும் வாயை சைக்கிள் டியூப் துண்டால் மூடுங்கள். ஹேண்டில் கிரிப் ஈரத்தில் சுழலாமல் இருக்க ஒட்டுப்பசையோடு, மெல்லிய கட்டுக்கம்பியால் இரண்டு இடத்தில் சுற்றி முறுக்குங்கள். கம்பி முனை கை படாத பக்கம் மடங்கியிருக்கட்டும்.

கையும் கண்ணும்

நனைந்த துணி உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். தண்ணீர் காற்றைவிட 20 மடங்குக்கு மேல் வேகமாகச் சூட்டைக் கடத்தும். அதனால் உள்ளே காட்டன் பனியன் வேண்டாம். பாலியஸ்டர் ஜெர்சி, அதன் மேல் மெல்லிய ரெயின் ஜாக்கெட், அதற்கு மேல் சேஃப்டி கார்டு, எல்லாவற்றுக்கும் மேலே ரேஸ் ஜெர்சி. ரெயின் கோட்டை வெளியே போட்டால் காற்றில் படபடத்து ஹேண்டிலில் மாட்டும்.

விரல்தான் முதலில் போகும். விறைத்த விரலுக்கு கிளச் எங்கே பிடிக்கிறது என்று தெரியாது. க்ளவுஸுக்கு உள்ளே மருந்துக்கடையில் கிடைக்கும் நைட்ரில் கையுறையை ஒரு அளவு பெரியதாகப் போடுங்கள், இறுக்கமானது ரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும். தடித்த குளிர்கால க்ளவுஸ் வேண்டாம், பஞ்சு தண்ணீர் குடித்துக் கனக்கும். மெல்லிய க்ளவுஸ் மூன்று ஜோடி எடுத்துப்போய் ஹீட்டுக்கு ஒன்றாக மாற்றுங்கள். ஹேண்ட் கார்டு பொருத்தினால் காற்றும் சேறும் பாதிக்கு மேல் தடுக்கப்படும். சாக்ஸின் மேல் ஒரு பிளாஸ்டிக் கவர், அதன் மேல் பூட்ஸ்.

பூட்ஸ் என்றதும் அட்டை. இந்த மழையில் புல்லோரம் நின்றாலே ஏறிவிடும். உப்பை மெல்லிய துணியில் முடிந்து, நனைத்து, பூட்ஸ் வாயிலும் சாக்ஸ் விளிம்பிலும் தடவிவிடுங்கள்.

கண்ணுக்கு, சேற்று ரேஸ் என்றால் முழு வைசரைவிட காகிள் நல்லது. காகிளின் மேல் ஒட்டி, சேறு படிந்ததும் உரித்தெறியும் டேர்-ஆஃப் தாள்கள் மழையில் ஒன்றோடொன்று தண்ணீர் குடித்து மங்கும். ரோல்-ஆஃப் (இழுத்தால் சுத்தமான பகுதி நகர்ந்து வரும் பிலிம் சுருள்) கிடைத்தால் அதுவே மேல். தாள்தான் உண்டு என்றால் இரண்டுக்கு மேல் போடாதீர்கள். உள்பக்கப் பனிக்குப் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டுத் தேய்த்து, கோடு தெரியாமல் காய்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். ஹெல்மெட்டின் மூக்கு மறைப்பை இறுக்கி, மூச்சு கீழே போகும்படி வையுங்கள். காகிளின் மேல் ஸ்பாஞ்சுக்கும் ஹெல்மெட்டுக்கும் நடுவே ஒரு துண்டு டேப் ஒட்டினால் நெற்றியிலிருந்து வழியும் தண்ணீர் உள்ளே இறங்காது. ஸ்டார்ட் கோட்டுக்குப் போகும் வரை காகிளைக் கழுத்தில் தொங்கவிடாமல் ஜாக்கெட்டுக்குள் வைத்திருங்கள்.

கொடி விழும் முன்

குளிர்ந்த எஞ்சினை முழு த்ராட்டிலில் திருகினால் டூ-ஸ்ட்ரோக் வண்டியில் பிஸ்டன் சட்டென்று விரியும், சிலிண்டர் மெதுவாக விரியும். இடைவெளி போய்ப் பிடித்துக்கொள்ளும். ஆர்எக்ஸ்100 ரகத்தில் இதுவே பெரும் சாவு. மூன்று நான்கு நிமிடம் பாதி த்ராட்டிலுக்குக் கீழே ஓட்டி, சிலிண்டர் துடுப்பின் அடிப்பகுதியைத் தொட்டால் கை பொறுக்காத அளவு வரட்டும். ஆயில் கூலர் உள்ள வண்டியில் கூலரின் பாதியை டேப்பால் மூடுங்கள். ஹீட்டுக்கும் ஹீட்டுக்கும் நடுவே, வண்டியைக் கவனிப்பதற்கு முன் ஆளைக் கவனியுங்கள்: ஈர ஜெர்சியைக் கழற்றித் துவட்டி, ஸ்வெட்டரும் மங்கி கேப்பும் போட்டு, ஒரு கட்டஞ்சாயா. நடுங்கிக்கொண்டே இருந்தவர் நடுக்கம் நின்று உளற ஆரம்பித்தால் அவருக்கு அன்றைக்கு ரேஸ் கிடையாது. உடனே ஆம்புலன்ஸ் ஆளிடம் காட்டுங்கள்.

ஓட்டும் முறை

இரண்டாவது கியரில் கிளப்புங்கள். முதல் கியரில் பின் டயர் தோண்டிக்கொண்டு உட்காரும். உடம்பைச் சீட்டின் பின்னே தள்ளி, த்ராட்டிலை மூன்றில் ஒரு பங்கில் நிறுத்தி, வேகத்தை கிளச்சால் கொடுங்கள். டயர் சுற்ற ஆரம்பித்தால் த்ராட்டிலை மூடாமல் கிளச்சை ஒரு மயிரிழை இழுங்கள், பிடித்துக்கொள்ளும். ஓடும்போதும் வழக்கத்தைவிட ஒரு கியர் மேலே வைத்து, ஓட்டத்தை விடாமல் காப்பாற்றுங்கள். சேற்றில் நின்ற சின்ன வண்டி மறுபடி வேகம் எடுக்க நெடுநேரமாகும்.

தடம் ஆழமாக விழுந்த வளைவில் எந்தத் தடம் என்று பத்து மீட்டர் முன்பே முடிவெடுங்கள். ஏறிய பிறகு மாற்ற நினைத்தால் முன் சக்கரம் விளிம்பில் ஏறி விழவைக்கும். தடத்துக்குள் ஹேண்டிலைத் திருப்ப வேண்டாம், பார்வையை வெளிவரும் இடத்தில் வைத்தால் வண்டி தானாகப் போகும். வேர், நனைந்த பலகை, பாறை வந்தால் வண்டியை நேராக நிறுத்தி, பிரேக்கும் த்ராட்டிலும் தொடாமல் உருட்டிவிடுங்கள். முன் பிரேக் ஒரு விரலால், நேர்க்கோட்டில் மட்டும்.

தார் டிராக்கில், உதாரணமாகக் கோவை செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில், கணக்கு வேறு. காய்ந்த நாளில் எல்லோரும் ஓடும் கோட்டில் ரப்பர் பூசி மெருகேறியிருக்கும், ஈரத்தில் அதுதான் வழுக்கும். அரை வண்டி அகலம் வெளியே ஓடுங்கள். பெயிண்ட் அடித்த கெர்ப் மேல் ஏறாதீர்கள். காற்றைக் குறைத்தால் டயரின் பள்ளங்கள் மூடி, தண்ணீர் வெளியேறாது, கம்பெனி அளவை ஒட்டியே வையுங்கள். மஞ்சளும் சிவப்பும் பட்டை போட்ட கொடி காட்டினால் முன்னால் தரை வழுக்கல் என்று பொருள்.

விழுந்தால், கிளப்புவதற்கு முன் த்ராட்டில் திரும்பி வருகிறதா என்று ஒரு தடவை திருகிப் பாருங்கள். தண்ணீரில் முங்கி விழுந்து எஞ்சின் நின்றிருந்தால் செல்ஃப் அடிக்கவோ கிக் உதைக்கவோ கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் அது அமுங்காது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஓரம் கட்டி, பிளக்கைக் கழற்றி, பிளக் வயரை எர்த் செய்து, பத்து உதை உதைத்துத் தண்ணீரை வெளியேற்றிவிட்டுத்தான் மறுபடி மாட்ட வேண்டும்.

கீழே இறங்கிய பிறகு

சேறு காய்வதற்குள், முடிந்தால் மலையிலேயே கழுவிவிடுங்கள். சர்வீஸ் ஸ்டேஷன் பிரஷர் தண்ணீரை வீல் பேரிங், ஸ்டியரிங் கோன், செயின், ரேடியேட்டர் பக்கம் நேராக அடிக்கவிடாதீர்கள், வெளியே இருந்த மண்ணை உள்ளே ஏற்றிவிடும். ஏர் பாக்ஸ் வாயையும் சைலன்சர் வாயையும் துணியால் அடைத்துவிட்டு, கழுவிய பிறகு எடுக்க மறக்காதீர்கள். டிரம்மைத் திறந்து சேற்றைத் துடையுங்கள். பேட் பின்களைக் கழற்றித் தேய்த்து, மறுபடி போடுங்கள்.

கடைசியாக ஆயில் டிப் ஸ்டிக். பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. அந்த ஆயிலோடு வண்டியைக் கம்பம் வரை ஓட்டி இறக்காமல், லாரியில் ஏற்றிக் கொண்டுவாருங்கள். வடித்துவிட்டுப் புது ஆயில் ஊற்றி, ஐந்து நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் டீ நிறம் என்றால் அதையும் வடித்து இன்னொரு முறை ஊற்றுங்கள். வீல் பேரிங்கை விரலால் சுற்றி, கரகரவென்று சத்தம் வந்தால் அடுத்த ஞாயிறு வரை காத்திருக்காமல் மாற்றிவிடுங்கள்.